பெத்தவ பேரைச் சொல்லு நெல்லே

பாளையங்கோட்டை,
1913ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 18, சனிக்கிழமை.

என் பிரியமுள்ள மகள் பாக்கியவதிக்கு உன் அம்மா சாலோமி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சத்தியநேசனும் உன் வயிற்றில் இருக்கிற சிசுவும் ஆண்டவருடைய கிருபைக்குள் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் காலையில் முழங்காலில் நிற்கிறேன். நான் சுகமாயிருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, உன் காகிதத்தை வாசித்தால் நான் கண்ணீரும் கம்பலையுமாகக் கிடப்பதாக யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படி ஒன்றுமில்லை. மூன்று வேளை சாப்பிடுகிறேன், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. அப்பாவுக்குத்தான் மழைக்காலத்து இருமல் ஆரம்பித்துவிட்டது, சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றுகிறார், செடி நன்றாக இருக்கிறது. மலையில் மழை பிடித்துவிட்டது, ஆறு செம்மண் நிறத்தில் வருகிறது. சிவலைப் பசு போன வாரம் கிடாரிக் கன்று போட்டது, நீ வரும்போது வீட்டில் பாலுக்குக் குறைவிருக்காது. உனக்கு இது ஆறாம் மாசம். தோட்டத்துக் குளிரில் காலையில் வெறுங்காலோடு நடக்காதே, மேடு ஏறும்போது நின்று நின்று ஏறு, வாய்க்குப் பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே.

இனி உன் காகிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம் எழுதி, மாத்தளை மழையும் அட்டைக்கடியும் பக்கத்து லயத்துப் பெண்களும் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரே வரியில் விஷயத்தை வைத்திருக்கிறாய், அம்மா, எங்களுக்காகவாவது அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று. நான் போடமாட்டேன் பாக்கியம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிவரைக்கும் நீ மனம் பதைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். ஆனால் ஏன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பெரியப்பா மாப்பிள்ளைக்கு எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை, பாதி. மீதியை நான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு.

போர்டிங்கில் நெல் குத்தும் கொட்டகைப் பாட்டு உனக்குத் தெரியும், ஆனால் வெளியில் நின்றுதான் தெரியும். சின்னப் பிள்ளையாயிருக்கும்போது உலக்கை பிடிக்கிறேன் என்று நீ உள்ளே ஓடி வருவாய், பெரிய பிள்ளைகள் உன்னைத் தூக்கி வாசலில் விடுவார்கள், உனக்குத்தான் அம்மா இருக்காளே, நீ வெளிய போட்டி என்று. நீ என்னிடம் வந்து அழுவாய். உனக்கு அம்மா இருப்பதற்காக நீ அழுதாய் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தப் பாட்டு எங்கிருந்து வந்ததென்று நான் உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் ஆற்றங்கரையிலும் சந்தையிலும் சாலையோரத்திலும் பொறுக்கி எடுத்த பெண்பிள்ளைகள் பதினாறு பேரைக் கொண்டுதான் போர்டிங் தொடங்கியது. எல்லாருக்கும் தலையை மழித்து, ஞானஸ்நானம் கொடுத்து, சாராள் எஸ்தர் லேயாள் என்று வேதத்திலிருந்து பேர் வைத்தார்கள். பிள்ளையின் பழைய பேரை ஒருவரும் கேட்கவில்லை, கேட்டாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அம்மா பேர் சிலருக்குத் தெரிந்திருந்தது. நெல் குத்தும்போது அதைச் சொல்லிக்கொண்டார்கள். மறந்துபோகக்கூடாதென்று உலக்கை போடும் தாளத்தில் வைத்துச் சொன்னார்கள். அவ்வளவுதான் பாட்டு. குத்துற நெல்லே கேளு நெல்லே, பெத்தவ பேரைச் சொல்லு நெல்லே. அதற்குப் பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. களக்காட்டுப் பேச்சியம்மா கம்புருண்டை பிடிச்சு வச்சா. முக்கூடல் மாடத்தி முந்தியில முகந் துடைச்சா. சீவலப்பேரிச் சுடலி சுமந்துகிட்டே நடந்து வந்தா. பிறகு வந்த வருஷங்களில் தாயில்லாமல் வந்த பிள்ளையும், வந்த பிறகு தாயை இழந்த பிள்ளையும் தன் வரியைச் சேர்த்தது. இன்றைக்கு முப்பத்தெட்டு வரி.

வரி சேர்ப்பதற்கு ஒரு கட்டளை உண்டு, அதை யார் போட்டதென்று தெரியாது. பொன்னே பூவே தெய்வமே என்று அம்மாவைச் சொல்லக்கூடாது. அவள் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பங்குனியில் வாந்திபேதி வந்தபோது சாரம்மாள் என்கிற ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய் இசக்கியம்மா செத்துப்போனாள். கோரை அறுக்கிற கூலிக்காரி, மகள் படிக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டவள், தான் கோயில் வாசற்படி மிதித்தவளில்லை. சாரம்மாள் பத்து நாள் பேசவில்லை. அப்புறம் கொட்டகையில் பெரிய பிள்ளைகள் அவள் கையில் உலக்கையைக் கொடுத்து உன் வரி என்னட்டி என்றார்கள். எங்கம்மா தங்கம் என்றாள். தங்கம் வெள்ளி எல்லாம் ஆசாரிகிட்ட இருக்கு, ஒங்கம்மா என்ன செஞ்சா, அதச் சொல்லு என்றார்கள். அந்தப் பிள்ளை வெகுநேரம் யோசித்து, மூக்கச் சிந்திவிட்டா என்றது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அதுவும் சிரித்தது. பத்து நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்து, அன்றைக்குத்தான் அழுதது. பத்தமடை இசக்கியம்மா மூக்கச் சிந்திப் பள்ளி விட்டா. அது முப்பத்தெட்டாவது வரி.

என் வரி எட்டாவது. நீ கேட்டிருப்பாய், ஆனால் அது என்னுடையதென்று நான் சொன்னதில்லை. பாலத்தடியில என்று தொடங்கி, அடுத்த இடத்தில் எல்லா உலக்கையும் மேலே நின்று ஒரு தாளம் சும்மா போகுமே, பிறகு ஈரச் சேலை போத்திவிட்டா என்று வருமே, அதுதான். எனக்கு அப்போது நாலு வயதிருக்கும் என்று ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறது. ஆற்றுப் பாலத்தடியில் எடுத்தது என்றும் எழுதியிருக்கிறது. தாயின் பேர் என்கிற இடத்தில் மையினால் ஒரு கோடு. எனக்கு அவள் முகம் நினைவில்லை, குரல் நினைவில்லை. வெயிலில் கிடந்தேன், மேலே குளிர்ந்ததாக ஒன்று வந்து விழுந்தது, அவ்வளவு நினைவிருக்கிறது. ஆற்றில் நனைத்த சேலை. அதைப் போர்த்திவிட்டு என்ன உடுத்திக்கொண்டு போனாள், எங்கே போனாள் என்று முப்பத்தாறு வருஷமாக நான் யோசித்ததுண்டு. பேர் தெரியாததால் என் வரியில் பேர் வரும் இடத்தை வெறுமையாக விட்டார்கள். பதினாறு பிள்ளைகளும் சேர்ந்து அதைத் தீர்மானித்தார்கள், ஏதாவது ஒரு பேரை இட்டுக்கட்டிப் பாடலாம் என்று ஒருத்தி சொன்னபோது மற்றவர்கள் ஒப்பவில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முப்பத்தாறு வருஷமாக அந்தப் பாட்டு கொட்டகைக்குள்ளேயே இருந்தது, ஆண்பிள்ளை ஒருவர் காதிலும் அது பாட்டென்று விழவில்லை, நெல் குத்துகிற சத்தமென்றே விழுந்தது. நான் காலேஜில் எப்.ஏ. படித்தவள் அல்லவா, அதை வெளியில் கொண்டுவந்து கௌரவப்படுத்த வேண்டுமென்று எனக்கு ஆசை வந்தது. ஆகஸ்டு மாதப் பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளைப் பாட வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். நிகழ்ச்சித் தாளில் எல்லாப் பாட்டும் கீர்த்தனையாகத்தானே அச்சாகும், இது மட்டும் மொட்டையாக இருக்கக்கூடாதென்று மேலே கீர்த்தனை என்று போட்டு, ராகம் புன்னாகவராளி, தாளம் ஆதி என்று எழுதி, பல்லவி சரணம் என்று பிரித்து முப்பத்தெட்டையும் அச்சுக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். உலக்கைக்கு ஏது ராகம். இது யாரும் செய்யாத, நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பைத்தியக்காரத்தனம். கொட்டகைப் பாட்டாயிருந்தவரைக்கும் அது யாருக்கும் பாரமில்லை, கீர்த்தனை என்று அச்சில் வந்தவுடன் கோயிலில் பாடத் தகுமா என்று சோதிக்க வேண்டியதாகிவிட்டது. சோதிக்க உட்கார்ந்தவர் போர்டிங் கமிட்டியின் காரியதரிசி, உன் பெரியப்பா தேவசிகாமணி.

அவரை நான் துஷ்டர் என்று எழுதமாட்டேன். வாந்திபேதி நாளில் மற்றவர்கள் வாசலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள், அவர் உள்ளே வந்து கஞ்சிக்குடம் சுமந்தார். அதே கைதான் நீலப் பென்சிலால் என் தாளில் கோடு போட்டது. ஞானஸ்நானம் பெற்றுச் செத்த தாய்மார் பதினொரு பேர், அவர்கள் பேர் இருக்கட்டும். பெறாமல் செத்தவர்கள் இருபத்தாறு பேர், அந்தப் பேர்களை எடுத்துவிட வேண்டும், அம்மா என்று பொதுவாகப் பாடிக்கொள்ளலாம் என்று எழுதி, பாட்டைப் பாடவிட்டது என் அறியாமை, வருந்துகிறேன், இனி இந்தத் திருத்தத்தின்படியே பாடப்படும் என்று ஒரு தாள் தயார் பண்ணிக் கையெழுத்துக்கு வைத்தார்கள். முப்பத்தெட்டில் பதினொன்றும் இருபத்தாறும் போனால் மீதி ஒன்று. என் வரியின்மேல் மட்டும் பென்சில் படவில்லை. எடுக்க அதில் பேர் இல்லை.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் பத்தமடையிலிருந்து ஹமீது பீவி பாய் கொண்டு வந்தாள், உனக்குப் பிரசவத்துக்காக நான் சொல்லி வைத்த பாய், பட்டு மாதிரி மடிகிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன டீச்சரம்மா என்றாள், சொன்னேன். இசக்கியம்மாவை அவளுக்குத் தெரியும், அவள் அறுத்துக் கொடுத்த கோரையில் எத்தனையோ பாய் நெய்தவள். பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், அந்தக் கமிட்டிக்காரங்க ஏழு பேரயும் மழையா பேஞ்சுவிட்டுச்சு, பெத்தவ ஒருத்தியும் இல்லியா, அவளுவளுக்குப் பேரு இல்லியா, கேட்டுப் பாரும் என்று. அவள் போன பிறகும் அது என் காதில் இருந்தது.

மறுநாள் கமிட்டியில் ஏழு பேர் மேசைக்கு அந்தப்புறம், நான் இந்தப்புறம். பெரியப்பா பொறுமையாகத்தான் பேசினார். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஒப்பாரி ஆகாது, அதிலும் ஆண்டவரை அறியாமல் போனவர்களைப் புகழ்ந்து மிஷன் காம்பவுண்டுக்குள் பாடுவது இடறல் என்றார். புகழவில்லை அத்தான், மூக்குச் சிந்திவிட்டாள் என்றுதான் பாடுகிறார்கள் என்றேன். ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். ஒரு கீர்த்தனையில் மூக்குச் சிந்துவது வரலாமா என்று இன்னொருவர் கேட்டார். சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதும் தம்முடைய தாயை ஒருவன் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிரை விட்டவரைக் கும்பிடுகிறோம், அவருக்கும் சின்ன வயதில் மூக்குச் சிந்திவிட ஒருத்தி இருந்திருப்பாள் என்றேன். பிறகு ஹமீது பீவி சொன்னதைக் கேட்டேன், நீங்கள் இருபத்தாறு பேரை அடிக்குமுன் உங்கள் ஒவ்வொருவருடைய தாயின் பேரையும் இந்த மினிட் புஸ்தகத்தில் எழுதுங்கள் என்று. மரியாள், ஞானம்மாள், மார்த்தாள் என்று சுலபமாகச் சொன்னார்கள். வைத்தியலிங்கம் வாத்தியார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. உனக்குத் தெரியும், எழுபது வயதுக்கு மேலானவர், வாலிபத்தில் குடும்பத்தை விட்டு நம் வேதத்துக்கு வந்தவர். பிறகு பையச் சொன்னார், "எங்கம்மை பேரு உலகம்மை. நான் ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு உசுரோட இருக்கிற எனக்குக் கருமாதி பண்ணினா. அவ செத்தன்னைக்கு என்னைத் தெருவுக்குள்ள விடல்ல. நான் ஒரு நாளும் அவளுக்காக அழல்ல டீச்சரம்மா. அழுதா விசுவாசத்துல குறைன்னு நெனச்சேன்."

கை தூக்கச் சொன்னபோது ஆறு கை எழுந்தது, அவர் கை மேசைமேல் கிடந்தது. ஆறு போதுமே. ஒரு வாரம் யோசித்துக் கையெழுத்திடச் சொல்லித் தாளை என்னிடம் கொடுத்தார்கள். அதுவரைக்கும் கொட்டகையில் அந்தப் பேர்களைச் சொல்லக்கூடாதென்று பெரியப்பாவே போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் நடந்ததைத்தான் அவர் மாப்பிள்ளைக்கு எழுதவில்லை. பிள்ளைகள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள். பாட்டைப் பாடினார்கள், பேர் வரும் இடம் வந்தபோது உலக்கையை மேலே நிறுத்தினார்கள். அடுத்த வரி, மறுபடி நிறுத்தினார்கள். அடிக்க வேண்டாம் என்று விட்ட பதினொரு பேர்களையும் அவர்கள் சொல்லவில்லை, அவர்களுக்குள் யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வரி மாதிரி முப்பத்தெட்டும் ஆகிவிட்டது. குத்து, நிற்பு, குத்து, நிற்பு. வெளியில் நின்ற சமையற்காரியும் இரண்டு வாத்திச்சிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆகா எவ்வளவு உருக்கம், பேர் சொல்வதைவிட இதுதான் நெஞ்சைத் தொடுகிறது என்றார்கள். குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற பெரியப்பாவும் தலையை அசைத்தார், அவருக்கும் அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை பாக்கியம். அந்த ஒரு வெறும் தாளத்தோடு நான் முப்பத்தாறு வருஷம் பாடியிருக்கிறேன், அது அழகு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றினதில்லை. பேர் தெரியாமல் விட்ட இடம் அது. பேர் தெரிந்தும் விடுவது அழகல்ல, உருக்கமல்ல, களவு. எனக்கு வந்த கோபத்தில் நான் தலைமை வாத்திச்சி என்பதும், கமிட்டிக் காரியதரிசி வாசலில் நிற்கிறார் என்பதும், அவர் என் புருஷனுக்கு அண்ணன் என்பதும் எல்லாம் போய்விட்டது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனேன், ஒரு உலக்கையை வாங்கினேன், முதலிலிருந்து பிடித்தேன். பேச்சியம்மா, மாடத்தி, சுடலி என்று ஒவ்வொன்றாக, தொண்டை கிழியச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள்.

எட்டாவது வரியில் பாலத்தடியில என்று சொல்லி நின்றேன். எல்லாருடைய உலக்கையும் நின்றது, சாரம்மாளுடையது மட்டும் நிற்காமல் உரலில் விழுந்தது. அவள் புதுசு, தாளம் இன்னும் பழகவில்லை, தெரியாமல்தான் போட்டாள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் ஒரு சத்தத்தை என் ஆயுசில் முதல் தடவையாகக் கேட்டேன். நான் உலக்கையை மேலே பிடித்தபடி நின்றுவிட்டேன். பிள்ளைகள் என் வரியை முடித்து, அடுத்ததைப் பிடித்து, முப்பத்தெட்டு வரைக்கும் கொண்டுபோனார்கள். முடிந்ததும் நானே சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து உன் பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் யோசிக்கத் தேவையில்லை அத்தான், தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார், அதையும் எழுதிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தலைமைப் பதவி போயிற்று, நாலாம் வகுப்புக்குப் பூகோளமும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், உலகப்படத்தில் இலங்கை வரும்போது என் குச்சி மாத்தளையில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது. காம்பவுண்டு வீட்டை டிசம்பருக்குள் காலி பண்ண வேண்டும். மூன்று மாதம் திருவிருந்துக்கு விலக்கம். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனபோது நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், உன் அப்பாவும் எழுந்திருக்கவில்லை. போங்கள் என்று கையைத் தொட்டேன். முழங்கால் வலிக்கி என்றார். முழங்கால் வலிக்கிறவர் ஆராதனை முடிந்ததும் ஆற்றங்கரை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். வழியில் சொன்னார், முப்பது வருஷமா கோர்ட்ல அடுத்தவன் போட்ட கையெழுத்துக்கு நகல் எடுக்கேன், போடாத கையெழுத்துக்கு எம்புட்டு பெலன் வேணும்னு எனக்குத் தெரியாதா என்று. உன் அப்பா அருமைநாயகம் அதிகம் பேசுகிறவரல்லவே, அதனால் இதை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

கொட்டகையில் இப்போது புது மேட்ரன் உட்கார்ந்திருக்கிறாள், பாட்டுச் சத்தமில்லாமல் நெல் குத்துகிறார்கள். ஆனால் சனிக்கிழமை துணி துவைக்க ஆற்றுக்குப் போகிறார்கள், ஆறு கமிட்டிக்குச் சொந்தமில்லை. இன்றைக்குக் காலையில் நானும் நம் வீட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் கலங்கலாக வந்தாலும் கல்லில் அடிக்கிற அடி நன்றாகக் கேட்கிறது, உலக்கையைவிட நன்றாகவே கேட்கிறது. நேற்று மத்தியானம் வைத்தியலிங்கம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அந்தப் பாட்டில் ஆண்பிள்ளை வரி சேர்க்கலாமா என்று கேட்டார். பிள்ளைகளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும், ஆனால் கட்டளை உங்களுக்கும் ஒன்றுதான், என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும் என்றேன். உசுரோட எனக்குக் கருமாதி செஞ்சா என்றார். வேறு ஏதாவது நல்லதாக நினைவில்லையா என்று நான்தான் தப்பாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிள்ளை செத்துட்டான்னு நெனச்சு அழுதவ பாசத்துலதானம்மா அழுதா என்றார். இன்றைக்கு ஆற்றில் பிள்ளைகளைக் கேட்டேன். வயசானவருக்கு ஒரு வரி குடுத்தா என்ன, ஆனா துணி துவைக்க வரணும் என்று சாரம்மாள் சொன்னாள். முப்பத்தொன்பது.

இப்போது மாப்பிள்ளை காரியம். வருகிற வருஷம் அவருக்குக் குருப்பட்டம் கிடைக்க இருக்கிறது, மாமியார் சபை ஒழுங்குக்கு அடங்காதவள் என்று இங்கிருந்து ஒரு வார்த்தை போனால் தடையாகும் என்று நீ பயப்படுகிறாய். பயம் நியாயம். அதை நான் இலேசாக நினைக்கவில்லை, இரண்டு நாள் இதே யோசனையாக இருந்தேன். அவர் தோட்டத்து ஜனங்களுக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவரைக் கேட்டால், அது என் மாமியாருடைய காரியம், எனக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிக்கொள்ளட்டும், நான் மனம் வருந்தமாட்டேன், அவரைக் குறைவாக எண்ணவுமாட்டேன். ஆனால் ஒன்று மாத்திரம் அவரை யோசிக்கச் சொல். லயத்தில் புதைக்கிற பெண்கள் எத்தனை பேருக்குப் பேர் தெரிந்து அவர் ஜெபம் பண்ணியிருக்கிறார், எத்தனை பேருக்குக் கூலி நம்பர் மட்டும் தெரிந்து பண்ணியிருக்கிறார். அவர் வாக்குவாதம் பண்ண வேண்டாம். அந்தப் பெண்களுடைய பிள்ளைகளிடம் தாயின் பேரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். குருப்பட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நோட்டு இருக்கும்.

உன் தலைப்பிரசவம் என் வீட்டில்தான். காம்பவுண்டு வீடு போய்விட்டதே என்று நீ தயங்க வேண்டாம். ஆஸ்பத்திரித் தெருவில் ஓட்டு வீடு ஒன்று பார்த்து முடித்துவிட்டோம், கிணறு இருக்கிறது, கிழக்குப் பார்த்த அறை உனக்கு. ஹமீது பீவியின் பாய் விரிக்காமல் காத்திருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரத்துக்கு மேல் தள்ளாதே, கடல் மோசமாகிவிடும். கப்பலில் நடுப்பக்கம் படுத்துக்கொள், எலுமிச்சம்பழம் முந்தியில் முடிந்து வைத்துக்கொள், தூத்துக்குடித் துறையில் அப்பா வந்து நிற்பார். உன் பெரியப்பாவும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார், வரட்டும். நீ அவரைப் பார்த்தவுடன் எப்போதும்போல முத்தம் செய், என் காரியத்தை உன்னுடையதாக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பாதே. அவருடைய தாய்க்கும் ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஒரு பேர் இருந்தது. என் மாமியார் அதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கமிட்டியில் என் நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. அவர் என்றைக்காவது கேட்டால் சொல்வேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கர்ப்பத்தின் கனியை ஆசீர்வதித்து, உன்னை என் கையில் சுகமாகச் சேர்ப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் இருவருடைய அன்பையும் வாழ்த்தையும் சொல். கம்பளி போர்த்தாமல் வெளியில் போகாதே.

நீ உன் காகிதத்தில் என்னைப் பற்றி நாலைந்து இடத்தில் தியாகி என்றும் தெய்வம் போன்ற தாய் என்றும் எழுதியிருக்கிறாய். கட்டளையை மறந்துவிட்டாய். நான் இன்னும் இருக்கிறேன், உனக்குக் கொட்டகையில் இடமில்லை, வாசலிலேயே நில். வெகுகாலம் நிற்க வேண்டும். என்றைக்கோ ஒரு நாள் உன் கையில் உலக்கையைக் கொடுத்து ஒங்கம்மா என்ன செஞ்சா என்று யாராவது கேட்பார்கள். என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, அது உன் வரி. தாளில் கையெழுத்துப் போட்டா என்று மட்டும் சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டேன்.

அங்கே போடாததை இங்கே போடுகிறேன்.

உன் அம்மா,
அ. சாலோமி